அனுபவமுள்ள விரிவுரையாளர்கள் போய்விட்டால் பொறியியல் படிப்பின் தரம் குறையுமா?

ஹட்டனில் உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் தங்கை ஒருவரின் கேள்வி இது: இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அனுபவசாலிகள் பலர் வெளிநாடு போய்விட்டார்களே, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிப்பதில் இன்னும் பயன் உண்டா?

உண்டு. ஆனால் இழப்பைச் சிறிதாக நினைக்க வேண்டாம். பாடக்குறிப்பும் சூத்திரமும் எங்கும் கிடைக்கும். அனுபவத்தில் வரும் கணிப்பு கிடைக்காது. ஆய்வுகூடத்தில் மண்மாதிரியின் உறுதியைச் சோதித்தால் கருவி ஓர் எண்ணைத் தரும். அது காய்ந்த மண்ணின் எண்ணா, ஐப்பசி மழையில் ஊறிய மண்ணின் எண்ணா என்று கேட்க, பதுளையிலும் நுவரெலியாவிலும் மண் சரிந்த இடங்களில் நின்று பார்த்தவர் வேண்டும். ஊறும்போது துளைகளில் நீரழுத்தம் கூடி மண்ணின் பிடி தளரும். வெயில் காலத்தில் அசையாத சரிவு தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள்மேல் இறங்குவது அப்படித்தான். நம் மக்களின் உயிர் சம்பந்தப்பட்ட பாடம் இது.

அப்புறம், மிஞ்சியவர்கள்மேல் சுமை ஏறும். இறுதியாண்டு ஆய்வுத் திட்டங்களை உட்கார்ந்து திருத்த நேரம் இராது. இளம் விரிவுரையாளர் முனைவர் பட்டம் முடித்து வரவே பல வருடம் எடுக்கும். வந்தவருக்கு வழிகாட்டவும் மூத்தவர் இருக்கமாட்டார்.

சரி, நீங்கள் தயங்காமல் சேருங்கள். இருக்கும் மூத்தவர்களிடம் ஆய்வுகூடத்திலேயே கேள்வி கேளுங்கள். தொழிற்பயிற்சிக்கு அலுவலக வேலையைவிடக் களவேலையைத் தேர்ந்தெடுங்கள்.