வேட்டை இறைச்சியில் உள்ள ஈயம் வேகவைத்தால் போய்விடுமா?

கேள்வி: உரிமம் பெற்று வேட்டையாடும் நண்பர் ஒருவர், தாம் சுட்ட மானின் இறைச்சியையும் ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றையும் ஆண்டுதோறும் எங்களுக்குக் கொடுப்பது வழக்கம். என் மனைவி கருவுற்றிருக்கிறார்; நான்கு வயதில் மகனும் இருக்கிறான். காட்டு விலங்குகளின் உடலில் கன உலோகங்கள் இருக்கும் என்கிறார்களே, நன்றாக வேகவைத்து உண்டால் போதுமா?

பதில்: போதாது. வெப்பம் கிருமிகளைக் கொல்லும். ஆனால் கன உலோகங்களான ஈயமும் காட்மியமும் தனிமங்கள் என்பதால் எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் அவை சிதைவதில்லை. வினிகர் போன்ற புளிப்பில் ஊறவைத்துச் சமைத்தாலோ, தசைக்குள் இருக்கும் ஈயத் துணுக்குகள் கூடுதலாகக் கரைந்து உடலில் எளிதாகச் சேர்கின்றன.

மான் இறைச்சியில் காணப்படும் ஈயத்தில் பெரும்பங்கு காட்டிலிருந்து வருவதன்று, துப்பாக்கியிலிருந்து வருவது. ஈயத் தோட்டா எலும்பில் மோதியதும் நொறுங்கி, கண்ணுக்குப் புலப்படாத, பல்லிலும் தட்டுப்படாத நுண்துகள்களாகக் காயத்தைச் சுற்றி வெகுதூரம் சிதறுகிறது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 2008-இல் ஏழைகளுக்கு நன்கொடையாக வழங்கப்பட்ட மான் இறைச்சிப் பொட்டலங்களை ஊடுகதிர்ப் படம் எடுத்தபோது இது வெளிப்பட்டது. அதையொட்டி 736 பேரின் இரத்தத்தைப் பரிசோதித்ததில், வேட்டை இறைச்சி உண்டவர்களிடம் ஈய அளவு சராசரியாக டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 0.3 மைக்ரோகிராம் கூடுதலாக இருந்தது. சிறிய வேறுபாடுதான் என்று ஒரு பெரியவரிடம் நான் சொல்லிவிடுவேன்; உங்கள் மகனைப் பற்றியோ வயிற்றில் வளரும் சிசுவைப் பற்றியோ அப்படிச் சொல்ல மாட்டேன். ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லக்கூடியது. குழந்தையின் மூளைக்குத் தீங்கற்ற அளவு என்று எதுவும் நிறுவப்படவில்லை. ஈயத் தோட்டாவால் சுடப்பட்ட விலங்கின் இறைச்சியைச் சிறு குழந்தைகளும், கருவுற்றோரும், கருத்தரிக்க விரும்புவோரும் தவிர்க்க வேண்டும் என்பதே ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிவுரை.

ஆகவே நண்பரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தோட்டாவால் சுட்டார் என்பதைத்தான். செப்புத் தோட்டா என்றால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஈயத் தோட்டா என்றால் மனைவியும் மகனும் அந்த இறைச்சியை அறவே தவிர்க்கட்டும். நீங்கள் எப்போதாவது உண்பதானாலும், காயத்திலிருந்து தள்ளியுள்ள பின்தொடைத் துண்டுகளை மட்டும் கேட்டு வாங்குங்கள். கொத்துக்கறி வேண்டாம்; காயத்தின் ஓரங்களிலிருந்து வெட்டிய துண்டுகளையும் சேர்த்து ஒன்றாக அரைக்கும்போது, ஓரிடத்தில் இருந்த துகள் முழுவதிலும் கலந்துவிடும்.

ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றின் கதை வேறு. செடிகொடிகள் மண்ணிலிருந்து உறிஞ்சும் காட்மியம் மேயும் விலங்கின் இவ்வுறுப்புகளில், குறிப்பாகச் சிறுநீரகத்தில், ஆண்டுக்கணக்கில் தேங்குகிறது; விலங்கின் வயது ஏற ஏற அளவும் ஏறும். இதற்கும் தோட்டாவுக்கும் தொடர்பில்லை என்பதால், செப்புத் தோட்டாவால் சுட்ட மானாக இருந்தாலும் இவற்றை உங்கள் வீட்டில் யாரும் உண்ண வேண்டாம். பாதரசம் முக்கியமாக மீன்களிலும் மீன் தின்னும் பறவைகளிலும் சேர்வது. மானைப் பொறுத்தவரை அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இதுவரை உண்டதை எண்ணி அஞ்ச வேண்டாம். மனைவியின் அடுத்த கர்ப்பகாலப் பரிசோதனையின்போது மருத்துவரிடம் இதைத் தெரிவித்து, மனைவிக்கும் மகனுக்கும் இரத்த ஈயப் பரிசோதனை செய்யக் கேளுங்கள்; எளிய பரிசோதனைதான்.