கலியாணக் கசற்றில் சத்தம் ஏன் பிந்துகிறது?

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "2004இல் நடந்த அக்காவின் கலியாண வீடியோ மூன்று மினிடிவி (MiniDV) கசற்றுகளில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். அப்பா இன்று இல்லை. அவர் பேசுவதையும் சிரிப்பதையும் இந்த மூன்று கசற்றுகளில் மட்டும்தான் பார்க்கலாம். ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு டிவிடி ஆக்கி அனுப்ப விரும்பினோம். மகன் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயரால் கமராவை ஒரு சிறிய யூஎஸ்பி பெட்டியுடன் இணைத்து மடிக்கணினியில் பதிந்தான். தொடக்கத்தில் சரியாக இருந்த சத்தம் தாலி கட்டும் நேரத்தில் இரண்டு விநாடி பிந்துகிறது. ஆட்கள் நடந்தால் உருவம் நடுங்குகிறது. மூன்று மணித்தியாலத்தையும் ஒரே இறுவட்டில் எழுதியபோது இரண்டு தட்டுகள் பாதியில் நின்று பழுதாகின, மூன்றாவதுதான் முடிந்தது. அது எங்கள் பிளேயரில் ஓடுகிறது, பெரியம்மாவின் பிளேயரில் ஓடவில்லை. எங்கே பிழை? வேலை முடிந்தபின் கசற்றுகளை எறிந்துவிடலாமா?"

அம்மா, உங்களிடம் இருப்பது ஒரு பிழை அல்ல, நான்கு. அவற்றுள் ஒன்றுதான் கசற்றைத் தொடும் பிழை. மற்ற மூன்றையும் கணினிக்குள்ளேயே எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தலாம். கசற்றையோ இருபது வருடப் பழைய கமராவில் விரும்பியபடி ஓட்டிப் பார்க்க முடியாது. ஆகவே இன்னொரு டிவிடி எழுதுவதை நிறுத்திவிட்டு, முதலில் கசற்றில் உள்ளதைக் குறைவில்லாமல் கணினிக்குக் கொண்டுவாருங்கள்.

அதற்கும் முன்பு ஒரு வேலை. கசற்றின் முதுகுப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு சிறிய தள்ளுகட்டை இருக்கும். அதை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். அதன்பிறகு பதிவுப் பொத்தானைத் தவறுதலாக அழுத்தினாலும் அப்பாவின் குரலுக்கு மேல் எதுவும் பதியாது.

இப்போது சத்தம். தொடக்கத்தில் இருந்தே ஒரே அளவில் பிந்தினால் அது பெரிய காரியமில்லை. எடிற்றிங் மென்பொருளில் ஒலியை இழுத்து நகர்த்தினால் போதும். உங்களுடையது போகப்போகக் கூடுகிறது. எங்கே கூடுகிறது என்று பார்க்கக் கலியாண வீடியோவைவிட வசதியானது வேறில்லை. தேங்காய் உடையும் கணம், தவில்காரரின் கை தோலில் படும் கணம் ஆகியவற்றில் படத்தை நிறுத்தி, சத்தம் எத்தனை பிரேம் (அசையும் படத்தின் ஒவ்வொரு தனிப்படம்) தள்ளி வருகிறது என்று எண்ணுங்கள். நமது தொலைக்காட்சி முறையான 'பால்' முறையில் விநாடிக்கு 25 பிரேம்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இப்படி எண்ணிக் குறித்துக்கொண்டால் நோய் தெரிந்துவிடும். இடைவெளி சீராக வளர்ந்தால், ஒலியும் படமும் இரண்டு வெவ்வேறு கடிகாரங்களுக்கு ஓடியிருக்கின்றன. மொத்த ஒலியின் நீளத்தை அந்த விகிதத்தில் ஒரு துளி சுருக்கினால் சரியாகிவிடும். 55 நிமிடத்தில் இரண்டு விநாடி என்றால் நூற்றுக்கு 0.06தான், குரலில் வேறுபாடு காதுக்குத் தெரியாது. ஒரு இடத்தில் 10 பிரேம், இன்னோர் இடத்தில் 15 பிரேம் என்று திடீர் திடீரெனத் தாவினால், அங்கெல்லாம் படத்தின் பிரேம்கள் விழுந்துவிட்டன என்று பொருள். பிரேம் விழுந்தால் படம் குறுகி முந்தும். குறையாத ஒலி பிந்தும். மடிக்கணினி அந்த நேரம் வேறு வேலையில் இருந்திருக்கலாம், வன்தட்டு மெதுவாக எழுதியிருக்கலாம், வைரஸ் காவல் மென்பொருள் குறுக்கிட்டிருக்கலாம். விழுந்த பிரேமை எந்த மென்பொருளாலும் திருப்பித் தர முடியாது.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எது நடந்திருந்தாலும் அந்த யூஎஸ்பி பெட்டியை இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். பழைய விஎச்எஸ் கசற்றில் இருப்பது அனலொக், அதற்கு அது சரி. மினிடிவி கசற்றில் இருப்பது ஏற்கனவே டிஜிற்றல் தரவு. மஞ்சள் வயரால் எடுக்கும்போது அதை அனலொக்காக மாற்றி, பிறகு மீண்டும் டிஜிற்றலாக்குகிறீர்கள். நிறமும் கூர்மையும் இரண்டு தடவை தேய்கின்றன.

சரியான வழி பயர்வயர், அதாவது கசற்றில் உள்ள தரவை மாற்றாமல் அப்படியே கணினிக்குக் கடத்தும் இணைப்பு. கமராவில் 'டிவி' (DV) என்று எழுதிய நான்கு ஊசிச் சிறு துளை இருக்கும். புதிய மடிக்கணினிகளில் அதற்கான வாசல் இல்லை. பயர்வயர் கார்ட் பொருத்திய, விண்டோஸ் 7 உள்ள பழைய மேசைக்கணினி ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் வாங்குங்கள். திருமண வீடியோ எடுத்த பழைய ஸ்ரூடியோக்காரர்களிடம் இன்னமும் இருக்கும். ஒருபக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் பயர்வயர் என்று மலிவாக விற்கும் வயரை வாங்க வேண்டாம். அது துளையில் பொருந்தும், வேலை செய்யாது. கணினிப் பக்கத்து ஆறு ஊசிப் பிளக்கில் மின்சாரமும் வருகிறது. அதைத் தலைகீழாக அழுத்திச் செருகியதால் கமராவின் வாசல் எரிந்துபோவதுண்டு. கமராவையும் கணினியையும் அணைத்துவிட்டு, பிளக்கின் வடிவத்தைக் கண்ணால் பார்த்துச் செருகுங்கள்.

கசற்றை ஓட்டுமுன் ஒரு தடவை கடைசிவரை சுற்றி, திரும்பத் தொடக்கத்துக்குச் சுற்றுங்கள். பல வருடம் ஒரே நிலையில் இறுகிக் கிடந்த நாடா அப்போது தளரும். படத்தில் சதுரம் சதுரமாகச் சிதறல் வந்தால், அல்லது ஒன்றுவிட்டு ஒன்று பட்டை பட்டையாகப் படம் மறைந்தால், வாசிக்கும் தலையில் அழுக்கு. சுத்தம் செய்யும் கசற்றைப் பத்து விநாடி ஓட்டினால் போதும். அது உரசித் துடைப்பது, நேரம் கூடினால் தலை தேயும். நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள் கண்டால் அது பூஞ்சணம். அந்தக் கசற்றைக் கமராவுக்குள் வைக்கவே வேண்டாம். தலையில் ஒட்டி மற்ற இரண்டு கசற்றுகளுக்கும் பரவும்.

பதிவதற்கு 'விண்டிவி' என்ற மிகச் சிறிய இலவச மென்பொருள் போதும். விழுந்த பிரேம்களின் எண்ணிக்கையைத் திரையிலேயே காட்டும். கடைசிவரை அது பூச்சியமாக இருக்கவேண்டும். ஒரு மணித்தியாலக் கசற் ஒரு மணித்தியாலம்தான் ஓடும், சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும். மூன்றுக்கும் 40 ஜிபி ஒதுக்குங்கள். வெளி வன்தட்டில் பதியும்போது இருபதாவது நிமிடமளவில் பதிவு அறுந்தால் கசற்றைக் குறை சொல்லாதீர்கள். வன்தட்டு 'ஃபாட்32' முறையில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் கொப்பி எடுத்துவிட்டு 'என்டிஎஃப்எஸ்' ஆக மாற்றுங்கள். பதிந்த மூன்று கோப்புகளையும் எடிற் செய்யாமல் அப்படியே இரண்டு இடங்களில் வையுங்கள். 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் அல்பங்களை வீட்டோடு விட்டுவிட்டு நடந்த ஊர் இது. ஒரே ஒரு கொப்பியை நம்புவது எப்படிப்பட்டது என்று நம்மவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

நடுக்கத்துக்கு வருவோம். இந்தக் கமரா ஒவ்வொரு பிரேமையும் இரண்டு பாதியாக, ஒற்றை வரிகள் வேறு, இரட்டை வரிகள் வேறு என்று எடுக்கிறது. கணினித் திரையில் நடப்பவரின் ஓரத்தில் சீப்புப் பல்போல் தெரிவது இதனால்தான். அது பிழை அல்ல. தொலைக்காட்சியிலும் ஆட்கள் முன்னும் பின்னும் துடித்தால், இரண்டு பாதிகளின் வரிசை மாறிவிட்டது. மினிடிவியில் கீழ்வரிகள் முதலில் வரும். யூஎஸ்பி பெட்டிகள் பல மேல்வரிகளை முதலில் தரும். பயர்வயரால் எடுத்த கோப்புக்கு எடிற்றிங் மென்பொருளின் அமைப்பில் 'கீழ் முதலில்' என்று தெரிந்தெடுங்கள், நடுக்கம் நிற்கும். டிவிடிக்காக அந்தச் சீப்பை அகற்ற முயலாதீர்கள், அசைவின் மென்மை போய்விடும். கைத்தொலைபேசியில் பார்க்க ஆக்கும் கொப்பிக்கு மட்டும் அகற்றுங்கள்.

மூன்று மணித்தியாலத்தை ஒரே தட்டில் திணித்தது படத்துக்குச் செய்த அநியாயம். 4.7 ஜிபி என்பது 37,600 மெகாபிற். அதை 10,800 விநாடிக்குப் பங்கிட்டால் விநாடிக்கு மூன்றரை மெகாபிற்தான் கிடைக்கும். கையில் பிடித்து எடுத்த வீடியோவுக்கு அது காணாது. ஒவ்வொன்றிலும் 90 நிமிடமாக இரண்டு தட்டுகள் ஆக்குங்கள். விநாடிக்குப் படத்துக்கு 6.5, ஒலிக்கு 0.22 மெகாபிற் என்று வையுங்கள். எவ்வளவு இடம் மிஞ்சினாலும் 8க்கு மேல் போகவேண்டாம். வீட்டில் எழுதிய தட்டைப் பழைய பிளேயர்கள் அந்த வேகத்தில் வாசிக்கத் தடுமாறும். ஒலி 48 கிலோஹேர்ட்ஸ், டொல்பி டிஜிற்றல்.

எழுதுவது பாதியில் நின்றதற்கு நான் முதலில் சந்தேகிப்பது மின்சாரத்தை. வெளியே செருகும் டிவிடி எழுதும் கருவி யூஎஸ்பியில் இருந்துதான் சக்தி எடுக்கிறது. பழைய யூஎஸ்பி வாசல் தருவது 500 மில்லி அம்பியர்; லேசர் முழுச் சக்தியில் எழுதும்போது அது போதாமல் போகலாம். ஹப் வழியாகக் கொடுக்காமல் நேரடியாகச் செருகுங்கள், இரட்டைத் தலை வயர் இருந்தால் இரண்டையும் செருகுங்கள். எடிற்றிங் மென்பொருளில் இருந்து நேரே தட்டுக்கு எழுதவும் வேண்டாம். முதலில் முழுத் தட்டையும் ஒரே கோப்பில் அடக்கும் 'ஐஎஸ்ஓ' கோப்பாக வன்தட்டில் ஆக்கி, 'விஎல்சி' என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். சரியென்றால் தட்டு எழுதும் 'இம்க்பேர்ன்' (ImgBurn) மென்பொருள் மூலம் 8 மடங்கு வேகத்தில் எழுதி, சரிபார்க்கும் தெரிவையும் இயக்குங்கள். பிழையை வன்தட்டிலேயே கண்டுவிட்டால் ஒரு தட்டும் வீணாகாது.

பெரியம்மாவின் பிளேயர் மறுத்ததற்குக் காரணம் பெரும்பாலும் நாடு. இலங்கையில் 'பால்' முறை: 720க்கு 576, விநாடிக்கு 25 பிரேம். கனடாவில் 'என்டிஎஸ்சி': 720க்கு 480, விநாடிக்கு 29.97. இங்குள்ள பிளேயர்கள் பல இரண்டையும் வாசிக்கும், அங்குள்ளவை பல தங்களுடையதை மட்டும் வாசிக்கும். 'டிவிடி ஸ்டைலர்' என்ற இலவச மென்பொருளில் 'என்டிஎஸ்சி' என்று தெரிந்தெடுத்துக் கனடாவுக்கென்று தனித் தட்டு ஆக்குங்கள். அசைவு சற்றுக் குறைந்த மென்மையில் தெரியும், பொறுத்துக்கொள்ளலாம். லண்டனுக்கும் சூரிச்சுக்கும் அனுப்புவதென்றால் நமது 'பால்' தட்டே போதும். தட்டின் மேல் கடதாசி ஒட்டாதீர்கள். சுழலும்போது சமநிலை குலையும். மார்க்கர் பேனையால், நடு வளையத்துக்குக் கிட்ட எழுதுங்கள். அதே உறையில் எம்பி4 கோப்பு போட்ட ஒரு யூஎஸ்பி பென்னையும் வைத்தால், பிளேயர் பழுதானாலும் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் செருகிக் காட்டுவார்கள்.

கசற்றுகளை எறிய வேண்டாம். தொடக்கம்வரை சுற்றி, உறையில் இட்டு, புத்தகம்போல் நிமிர்த்தி, இறுக்கமாக மூடும் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றுடன் வையுங்கள். கார்த்திகை மழை தொடங்குமுன் பெட்டியைத் திறந்து அந்தப் பொட்டலத்தை மாற்றுங்கள்.