நட்சத்திரப் பிரகாசத்தைக் கேமராவில் அளக்கும்போது மென்பொருள் காட்டும் பிழை போதுமா? – வாசகர் கேள்விகள்

கே: நட்சத்திரத்துக்கு எத்தனை கவுண்ட் (கேமரா தரும் எண்) கிடைத்தால் 0.01 மாக்னிட்யூட் (பிரகாச அளவு) துல்லியம் வரும்? (அம்பாசமுத்திரம்)

ப: கேமராவின் கெயினை, அதாவது ஒரு கவுண்டுக்கு எத்தனை எலக்ட்ரான் என்பதை, சொல்லாமல் கவுண்டைக் கேட்டால் எப்படி? எலக்ட்ரானில் சொல்கிறேன்: 10,000. அதன் வர்க்கமூலம் 100, ஆக 1 சதவீதப் பிழை, ஏறக்குறைய 0.01 மாக்னிட்யூட். வானப் பின்னணியும் ரீட் நாய்ஸும் (கேமரா படத்தைப் படித்தெடுக்கும்போது வரும் இரைச்சல்) சேருவதால் 20,000 வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கடிதத்தில் கெயினை எழுதுங்கள்.

கே: 25 படங்களைச் சராசரி எடுத்தால் பிழை ஐந்தில் ஒன்றாகிவிடும்தானே? (கோவில்பட்டி)

ப: தற்செயல் பிழை குறையும். பிளாட் (தூசி, ஓர மங்கலைத் திருத்த சீரான ஒளியில் எடுக்கும் படம்) கோளாறால் வந்த பிழை 2,500 படம் எடுத்தாலும் அப்படியே நிற்கும்.

கே: மென்பொருள் ±0.002 என்கிறது. வரைபடத்தில் புள்ளிகளோ 0.02 அளவுக்கு மேலும் கீழும் போகின்றன. எதை எழுதுவது? (பணகுடி)

ப: 0.02-ஐ எழுதுங்கள். மென்பொருளுக்குத் தெரிந்தது ஃபோட்டான் எண்ணிக்கை, வானப் பின்னணி, ரீட் நாய்ஸ் அவ்வளவுதான். கணவாய்க் காற்றில் தொலைநோக்கி ஆடியதும், மலைப்பக்கமிருந்து மெல்லிய மேகம் நகர்ந்ததும் அதற்குத் தெரியாது. கெயினைத் தப்பாகக் கொடுத்தால் தெரிந்ததையும் தப்பாகவே சொல்லும். உண்மையில் 0.25 இருக்க 1 என்று கொடுத்தால், ஃபோட்டான் பிழை பாதியாகத்தான் காட்டும்.

இதை எத்தனை தடவை எழுதியாயிற்று! செக் ஸ்டாரையும் அளங்கள். அது பிரகாசம் மாறாத நட்சத்திரம், உங்கள் இலக்கின் பிரகாசத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இரவு முழுக்க அதன் அளவீடுகள் எவ்வளவு சிதறுகின்றனவோ அதுதான் உங்கள் பிழை. பிறர் தரவோடு உங்களுடையதையும் சேர்த்து ஆய்வு செய்கிறவர், எடையைப் பிழையின் வர்க்கத்துக்குத் தலைகீழாகத்தான் கொடுப்பார். 0.02 இருக்கவேண்டிய இடத்தில் 0.002 எழுதினால் உங்கள் புள்ளிக்கு நூறு மடங்கு எடை. ஒழுங்காக 0.02 என்று எழுதியவரின் உழைப்பு அங்கே அமுங்கிப்போகிறது. எனக்கு இதில்தான் கோபம்.

கே: டெல்டா செஃபை என்ற மாறும் நட்சத்திரத்தை 6 அங்குலத் தொலைநோக்கியில் 10 விநாடிப் படங்களாக எடுக்கிறேன். சிதறல் குறையவில்லை. (தென்காசி)

ப: நம் ஊரில் அது உச்சத்துக்கு வந்தாலும் 40 பாகைதான் ஏறும். அந்த உயரத்தில், 10 விநாடியில், நட்சத்திரம் மினுங்குவதாலேயே 0.007 அளவுக்குப் பிழை வரும். நேரத்தைக் கூட்டினால் குறையும், ஆனால் அது வெறுங்கண்ணுக்கே தெரிகிற நட்சத்திரம், சாச்சுரேட் ஆகிவிடும் (பிக்சல் நிரம்பிவிடும்). ஆகவே 10 விநாடிப் படங்களையே ஆறு ஆறாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு படத்திலும் உச்சப் பிக்சல் 65,535-ஐ (16 பிட் படத்தின் உச்ச எண்) தொடவில்லையா என்று பாருங்கள். அப்புறம், செக் ஸ்டார் எங்கே?