ஏர்போர்ட் ரன்வே முனையிலேருந்து 1,560 மீட்டர்ல என் மனை, முனை மட்டத்தைவிட 22 மீட்டர் மேட்டுல இருக்கு. கட்டப்போற வீடு 12 மீட்டர்தான், கீழ்த்தெருவுல அதே உயரத்துக்கு விட்டிருக்காங்க, எனக்கு மட்டும் ஏன் ஏர்போர்ட்காரங்க உயர அனுமதியை ரிஜெக்ட் பண்ணாங்க?

ப்ரோ, மனை மேட்டுல இருக்குன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, சிக்கலே அங்கதான். ஏர்போர்ட்காரங்க உங்க தரையிலேருந்து அளக்க மாட்டாங்க, ரன்வே முனை மட்டத்திலேருந்துதான் கணக்கு. ஐஎல்எஸ் (விமானம் இறங்க ரேடியோ சிக்னலால வழிகாட்டுற கருவி) இருக்கிற பெரிய ரன்வேன்னா, ஐகாவோங்கிற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்போட அனெக்ஸ் 14 விதிப்படி, முனைக்கு 60 மீட்டர் தள்ளி ஒரு கற்பனைச் சரிவு கிளம்பும், முதல் 3 கிலோமீட்டருக்கு 50 மீட்டர் போனா 1 மீட்டர்தான் ஏறும், புதுக் கட்டடம் அதைத் தாண்டி நிக்கக் கூடாது. நீங்க சொன்ன 1,560 மீட்டர்ல 60ஐ கழிச்சா 1,500, அதை 50ஆல வகுத்தா 30 மீட்டர், உங்க இடத்துல சரிவோட உயரம் அவ்வளவுதான். உங்க தரையே 22 மீட்டர் மேல இருக்குன்னா மிச்சம் வெறும் 8தான், இதுல 12 மீட்டர் வீடு எங்க நுழையும்? கீழ்த்தெரு பள்ளத்துல இருக்கு, அதான் அவங்களுக்கு ஓகே ஆயிருக்கு.

மொட்டைமாடி டேங்க், இடிதாங்கி, ஆன்டெனா எல்லாமே உயரத்துல சேரும், இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. கட்டும்போது நிக்கிற கிரேனுக்கும் இதே கதைதான்.

மொதல்ல நல்ல சர்வேயரை வெச்சு தரைமட்டத்தை மறுபடி அளங்க, அந்த 22ல தப்பு இருந்தா கதையே மாறிடும். இல்லன்னா, உங்களுக்கும் ரன்வேக்கும் நடுவுல ஏற்கனவே அந்தச் சரிவை மீறி நிக்கிற குன்று மாதிரி அசைக்க முடியாதது ஏதாவது இருக்கான்னு பாருங்க, உங்க வீடு அதோட மறைவுல வருது, புதுசா தடையா இருக்காதுன்னு காட்டி மறுபரிசீலனை கேக்கலாம். மரம்னா பேச்சுக்கே இடமில்ல, அதை வெட்டத்தான் சொல்லுவாங்க.