ஜன்னலுக்குக் கீழ கருப்புக் கோடு

கேள்வி: மாட்டுங்காவுல நாலு மாடி பழைய பில்டிங் எங்களோடது. மூணு வருஷம் முன்னாடிதான் வெளியில ஐவரி அடிச்சோம், இப்ப மேற்குப் பக்கம் ஜன்னலுக்குக் கீழ எல்லாம் மை வழிஞ்ச மாதிரி கருப்புக் கோடு. பால்கனிக்கு அடிச்ச பளீர் சிவப்பு வெளுத்து ரோஸ் ஆயிடுச்சு. சொசைட்டி மீட்டிங்ல ஒரு கோஷ்டி வெள்ளைங்குது, இன்னொண்ணு டார்க் கிரேங்குது. எது சார் தாங்கும்?
- மும்பை வாசகி

பதில்: கலர் சண்டைய கொஞ்சம் தள்ளி வைங்கம்மா. அடுத்த மழைல குடையோட கீழ போய் அந்தச் சுவத்த பத்து நிமிஷம் பாருங்க. சன்ஷேட்ல விழற தண்ணி விளிம்புலேர்ந்து சொட்டணும், ஆனா உங்க வீட்டுல அது அடிப்பக்கமா ஊர்ந்து வந்து சுவத்தோட ஒட்டி இறங்கும், கூடவே மேல இருக்கற தூசி, புகைக்கரி எல்லாம் வரும், ஈரம் காயாத இடத்துல பாசி புடிக்கும், அதான் உங்க கோடு. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மழை தென்மேற்குக் காத்தோட வர்றதால மேற்குச் சுவர்தான் அடி வாங்கும். சன்ஷேட் அடியில விளிம்பு ஓரமா விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கும், கொத்தனார் ட்ரிப் மோல்டும்பார், பழைய பில்டிங்ல பட்டியும் பெயிண்டும் அடிச்சு அடிச்சு அத தூத்தே வச்சிருப்பாங்க. மொதல்ல அத சுரண்டித் தொறக்கச் சொல்லுங்க. 2018ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த மெரின் டிரைவ் ஆர்ட் டெகோ (அந்தக் காலக் கட்டடப் பாணி) பில்டிங்ல ஜன்னல் மேல புருவம் மாதிரி ஒரு சன்ஷேட் ஓடுதே, அது அழகுக்கு மட்டும் இல்ல, வெயிலும் மழையும் ஜன்னல்ல நேரா அடிக்காம தடுக்கும்.

சிவப்பு கதை வேற. கைய வச்சுத் தேச்சுப் பாருங்க, பவுடர் ஒட்டுச்சுன்னா வெயில்ல பெயிண்டோட பிசின் செத்துடுச்சு. பளீர் சிவப்பு, மஞ்சள்ல பல நிறமி வெயில் தாங்காது. காவி, ரெட் ஆக்ஸைடு ரெண்டும் இரும்புத் துரு வகை, சுலபத்துல வெளுக்காது, நம்ம கோயில் மதில் காவிப்பட்டைய நினைச்சுப் பாருங்க.

வெள்ளைல எல்லா கோடும் தெரியும், டார்க் கிரே வெயில இழுத்து வச்சுக்கும், மேற்கு ரூம்காரங்க உங்கள திட்டுவாங்க. என் ஓட்டு கொஞ்சம் மண் கலந்த பீஜுக்கு. ஷேட் கார்டு பாத்து முடிவு பண்ணாதீங்க, பெரிய சுவத்துல அதே கலர் இன்னும் வெளிறித் தெரியும், மூணடிக்கு மூணடி அடிச்சு காலைலயும் சாயங்காலமும் பாருங்க. பாசிய மருந்து போட்டுக் கழுவி, மழை விட்டு சுவர் நல்லா காஞ்சப்புறம்தான் பெயிண்ட், இல்லன்னா புது பெயிண்ட் மேலயே திரும்ப முளைக்கும்.

கிழக்குச் சுவர் சுத்தமா இருந்தா தண்ணி அடிச்சுக் கழுவி விட்டாலே போதும், காசு மிச்சம், ஆனா மூலைல புதுசும் பழசும் ரெண்டு கலரா தெரியும், கமிட்டி ஒத்துக்குமான்னு நீங்கதான் கேட்டுக்கணும்.