கோபாட்டுக்கு வேலி வேண்டாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோபாட் பற்றியவை. அதாவது, ஆளுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்யும் ரோபோ கைகள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஒன்றிரண்டு பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிஎன்சி லேத்துக்கு (கணினி இயக்கும் கடைசல் இயந்திரம்) ஜாப், அதாவது கடைய வேண்டிய துண்டு, ஏற்றி இறக்க ஒரு கோபாட் வாங்கப் போகிறோம். "இதற்கு வேலியே தேவையில்லை, ஆள் பக்கத்தில் நிற்கலாம்" என்கிறார் விற்பனையாளர். நம்பலாமா? (சிறு தொழிற்கூட உரிமையாளர், ஓசூர்)

அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். கோபாட் கை எதிலாவது இடித்தால் நின்றுவிடும். ஓரங்கள் உருண்டையாக இருக்கும். மூட்டுகளில் விரல் சிக்காதபடி வடிவமைத்திருப்பார்கள். எல்லாம் சரி. ஆனால் அது வெறுங்கையாகவா உங்கள் கடையில் நிற்கப் போகிறது? முனையில் கிரிப்பர், அதாவது பொருளைப் பிடிக்கும் பகுதி, வரும். கிரிப்பரில் அப்போதுதான் கடைந்த ஜாப் இருக்கும். அதன் விளிம்பில் பிசிறு இருக்கும். ஒருவர் பிளேடை நீட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாலும் எதிரே வருகிறவர் ஒதுங்கத்தான் வேண்டும்.

ரோபோப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 10218 இரண்டு பாகமாக இருப்பதே இதனால்தான். முதல் பாகம் ரோபோவைச் செய்பவருக்கு. இரண்டாம் பாகம் அதை ஒரு வேலையில் பொருத்துபவருக்கு. ரோபோ கையை வாங்கி நீங்களே போல்ட் போட்டு நிறுத்தினால் அந்த இரண்டாம் ஆள் நீங்கள்தான். 2025இல் வந்த புதிய பதிப்பு 'கூட்டு ரோபோ' என்ற பெயரையே விட்டுவிட்டு, 'கூட்டுப் பயன்பாடு' என்றுதான் பேசுகிறது.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். கோபாட் வருவதற்கு முன்பே, இப்போது அந்த லேத்தில் நிற்பவர் என்னென்ன செய்கிறார் என்று ஒரு முழு ஷிஃப்ட் நின்று பாருங்கள். ஜாப் ஏற்றுவது, இறக்குவது மட்டும் கண்ணில் படாது. ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் சுருண்டு சிக்கிய சீவலை அவர் கையால் இழுப்பார். கதவு முழுக்கத் திறப்பதற்குள் தலையை உள்ளே விடுவார். கூலன்ட் சிந்திய தரையில் வழுக்கி, எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பார். கோபாட் வந்த பிறகும் இவை நடக்கும், கூட ஒரு இயந்திரக் கை அங்கே நகர்ந்துகொண்டிருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி. ஆபத்து மதிப்பீடு என்பது இதுதான். அடிபட்டால் எவ்வளவு மோசம்? நாளைக்கு எத்தனை தடவை அந்த இடத்தில் கை போகிறது? வருவது தெரிந்தால் விலக நேரம் இருக்கிறதா? ஜாப்புக்கும் சக்கின் ஜாவுக்கும் (கவ்வும் தாடை) நடுவில் விரல் மாட்டினால் முதல் கேள்வியிலேயே விடை மோசம். அங்கே கை நுழைய முடியாதபடி தகடோ, திறந்தால் இயந்திரம் நிற்கும் இன்டர்லாக் கதவோ வந்தாக வேண்டும். தட்டில் ஜாப்பை அடுக்கும் பக்கத்தில் வேகத்தைக் குறைத்து, பிசிறை எடுத்த பிறகே ஜாப்பை வெளியே கொண்டுவரும்படி வரிசையை மாற்றினால், அந்தப் பக்கம் திறந்தே இருக்கலாம். என் அனுபவத்தில் பெரும்பாலான லேத்துகளில் முடிவு இப்படிப் பாதி வேலியாகத்தான் வருகிறது. கையுறை, எச்சரிக்கைப் பலகை எல்லாம் கடைசியில். அவற்றை முதலில் எழுதியிருக்கும் மதிப்பீட்டைக் கண்டால் நான் மேலே படிப்பதில்லை.

கோபாட் போகும் வழியில் என் கையை நீட்டிப் பார்த்தேன். தொட்டதும் நின்றது, வலிக்கவே இல்லை. இதைவிட வேறென்ன சோதனை வேண்டும்? (உற்பத்திப் பொறியாளர், கோயம்புத்தூர்)

முதலில், இனி அப்படிச் செய்யாதீர்கள். நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான், அதனால் சொல்கிறேன். கண்காட்சியில் பலூனை இடித்துக் காட்டுவார்களே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

காற்றில் நீட்டிய கை, இடித்தால் பின்னால் போகும். அதே கை மேசைமேல் இருக்கும்போது கிரிப்பர் மேலிருந்து இறங்கினால் போக இடமில்லை, நசுங்கும். இந்த இரண்டையும் தனித்தனியாகத்தான் கணக்கிட வேண்டும். 2016இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 ஆவணம் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரம்பு கொடுத்திருக்கிறது. கை, விரல்கள் நசுங்கும் நிலையில் 140 நியூட்டன். ஏறக்குறைய 14 கிலோ எடையை மேலே வைத்தது போல. நசுங்காமல் தட்டிவிட்டுப் போகும் மோதலுக்கு இதைப் போல இரு மடங்கு. முகத்துக்கு 65தான், அங்கே இரு மடங்குச் சலுகையும் கிடையாது. முகத்தில் படவே கூடாது என்று வடிவமைக்க வேண்டும். இந்த ஆவணத்தின் அழுத்த வரம்புகள் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் 100 பேரிடம் செய்த ஆய்விலிருந்து வந்தவை. வலி எங்கே ஆரம்பிக்கிறது என்பதைத்தான் அதில் அளந்தார்கள்.

விசை மட்டும் சரியாக இருந்தால் போதாது, அது எவ்வளவு இடத்தில் படுகிறது என்பதும் முக்கியம். உங்கள் கிரிப்பர் பிடித்திருப்பது ஷீட் மெட்டல் என்று வையுங்கள். 3 மி.மீ. தடிமனுள்ள விளிம்பு, 10 மி.மீ. நீளத்துக்குப் புறங்கையில் பதிகிறது. 140 நியூட்டன் அந்த 0.3 சதுர செ.மீ. இடத்தில் இறங்கினால் ஒரு சதுர செ.மீ.க்கு 467 நியூட்டன். புறங்கைக்கான வரம்பு 200ஐ ஒட்டியது. விசையில் பாஸ், அழுத்தத்தில் இரு மடங்குக்கு மேல் ஃபெயில்.

இதை அளக்க ஸ்பிரிங் வைத்த விசைமானி இருக்கிறது. கைக்கு என்றால் மி.மீ.க்கு 75 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங். அதன்மேல் அழுத்தத்தைக் காட்டும் ஃபிலிம் ஒட்டுவார்கள். விரல் மாட்டக்கூடிய ஒவ்வொரு இடத்திலும், உண்மையான ஜாப்போடு, உண்மையான வேகத்தில் அளக்க வேண்டும். விசைமானியை வாங்க வேண்டியதில்லை, அளந்து தருபவர்களைக் கூப்பிடலாம்.

நொடிக்கு 250 மி.மீ. வேகத்துக்குள் ஓட்டினால் பாதுகாப்பானது என்கிறார்களே?

அது டீச் பென்டன்ட் என்ற கன்ட்ரோல் பெட்டியைக் கையில் பிடித்து ரோபோவுக்குக் கற்றுக்கொடுக்கும்போது பொருந்தும் உச்சவரம்பு. அப்போது பொத்தானில் உங்கள் விரல் இருக்கும், கண் ரோபோமேல் இருக்கும். உற்பத்தி ஓடும்போது இரண்டும் கிடையாது.

15066இன் எளிய சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். நகரும் பாகங்கள் 18 கிலோ, ஜாப் 2 கிலோ. பாதி எடையையும் ஜாப்பையும் கூட்டினால் 11 கிலோ. இது 250 மி.மீ. வேகத்தில் கையில் பட்டால் 52 நியூட்டன் வருகிறது, கவலையில்லை. அதே வேகத்தில் தலையில் பட்டால் 172. தலைக்கான வரம்பு 130. வேகம் ஒன்றுதான், எங்கே படுகிறது என்பதில்தான் எல்லாம் மாறுகிறது.

லேசர் ஸ்கேனர் வைத்து, ஆள் வந்தால் நிற்கும்படி செய்யப் போகிறோம். ஒரு மீட்டர் போதுமா? (பராமரிப்புப் பிரிவு, ஸ்ரீபெரும்புதூர்)

பெரும்பாலும் போதாது. ஸ்கேனர் ஆளைக் கண்டுபிடித்து கன்ட்ரோலருக்குச் சொல்ல 0.15 நொடி, ரோபோ நிற்க 0.35 நொடி என்று வைப்போம். ஐஎஸ்ஓ 13855 தரநிலை ஆள் நடப்பதை நொடிக்கு 1.6 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். இந்த அரை நொடியில் அவர் 0.8 மீட்டர் வந்துவிடுவார். ரோபோவும் சும்மா இருக்காது. நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வந்தால், உத்தரவு கிடைக்கும் முன் 0.15 மீட்டர், பிறகு நிற்பதற்குள் ஒரு 0.2 மீட்டர்.

எல்லாரும் மறப்பது அடுத்தது. தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்தில் இருக்கும் ஸ்கேனர் பார்ப்பது கணுக்காலை. கணுக்கால் கோட்டைத் தாண்டும்போது, முன்னே நீட்டிய கை ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். அந்தத் தரநிலையின் 2010 பதிப்பின் கணக்குப்படி அதற்கு 1.12 மீட்டர் சேர்க்க வேண்டும். ஆக மொத்தம் 2.27 மீட்டர். அளவீட்டுப் பிழைக்கான தொகையை இன்னும் கூட்டவில்லை. அவ்வளவு இடம் இல்லை என்றால் ரோபோவின் வேகத்தைக் குறையுங்கள், நிற்கும் நேரமும் குறையும். நிற்கும் நேரத்தைக் கேட்டலாக்கைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் ஜாப்பைப் பிடித்து, ரோபோ கை முழுக்க நீண்டிருக்கும் நிலையில் அளந்து எழுதுங்கள்.

கோபாட்டால் யாராவது இறந்திருக்கிறார்களா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

ரோபோ விபத்து என்றதும் எல்லாரும் சொல்லும் இரண்டும் கோபாட் வருவதற்கு முந்தியவை. 1979இல் அமெரிக்காவின் ஃபிளாட் ராக் வார்ப்பாலையில் ராபர்ட் வில்லியம்ஸ், 1981இல் ஜப்பானின் அகாஷியில் கென்ஜி உராதா. கோபாட் என்ற யோசனையே 1990களின் நடுவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ஆனால் அந்த இரண்டு விபத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் பொருளை எடுக்க அடுக்கில் ஏறினார், இன்னொருவர் பழுது பார்க்க உள்ளே போனார். ரோபோ வழக்கம்போல ஓடும்போது யாரும் அதன் பக்கம் போகவில்லை, நின்றுபோன வேலையைச் சரிசெய்யத்தான் போனார்கள். உங்கள் மதிப்பீட்டில் 'மாட்டிக்கொண்ட ஜாப்பை எடுப்பது', 'சென்சார் துடைப்பது' என்ற வரிகள் இல்லாவிட்டால் அது பாதி மதிப்பீடுதான்.

கரன்ட் போனால் என்ன ஆகும்?

நல்ல கேள்வி, அதிகம் யாரும் கேட்பதில்லை. மின்சாரம் போனதும் மூட்டுகளில் இருக்கும் பிரேக் பிடித்துக்கொள்ளும், கை அப்படியே நிற்கும். கிரிப்பர்தான் சிக்கல். ஒரு தொழிற்கூடத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோதே நடந்தது. உறிஞ்சிப் பிடிக்கும் வாக்குவம் கப்பில் தொங்கிய நாலு கிலோ தட்டு, கரன்ட் போன சில நொடிகளில் மெல்லச் சரிந்து, மேசை விளிம்பில் பட்டு, ஹெல்பரின் ஷூ பக்கத்தில் விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. மதிப்பீட்டுத் தாளைப் புரட்டினேன். மோதல், நசுங்கல் எல்லாம் இருந்தது. 'விழுதல்' இல்லை. வாக்குவம் லைனில், காற்று திரும்பி நுழையாதபடி தடுக்கும் ஒரு செக் வால்வும் சின்ன டேங்கும் போட்டார்கள். காற்றில் இயங்கும் கிரிப்பர் என்றால், காற்று போனாலும் ஸ்பிரிங்கால் மூடியே இருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், கரன்ட் இல்லாதபோது யாருடைய கையாவது ரோபோவுக்கு அடியில் மாட்டியிருந்தால் எப்படி விடுவிப்பது? சில மாடல்களில் மூட்டைக் கையால் தள்ளி நகர்த்தலாம், சிலவற்றில் பிரேக்கைத் தனியாக விடுவிக்க வேண்டும். பிரேக்கை விட்டதும் ரோபோ கை கீழே விழும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். ராத்திரி ஷிஃப்டில் இருப்பவருக்கு முக்கியமாக.

எலக்ட்ரானிக்ஸ் அசெம்பிளியில் வேலை செய்கிறேன். எனக்கு எதிரே ஸ்குரூ போடும் கோபாட் வைத்திருக்கிறார்கள். பயமாக இருக்கிறது என்றால் சூப்பர்வைசர் சிரிக்கிறார். (பெண் தொழிலாளி)

சிரிக்க ஒன்றுமில்லை. அதை நிறுவிய பொறியாளர் நின்றுகொண்டு சோதித்திருப்பார், அவருக்கு ரோபோ கை நெஞ்சு உயரத்தில் போயிருக்கும். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதே பாதை உங்களுக்கு முகத்து நேரே வருகிறது. முகத்துக்கு 65 நியூட்டன் என்று மேலே பார்த்தோமே, நெஞ்சுக்கு அது 140. இதை அப்படியே சூப்பர்வைசரிடம் கேளுங்கள்: "உட்கார்ந்திருக்கிற ஆளை வைத்து அளந்தீர்களா?" பாதையைத் தாழ்த்துவது, நடுவே ஒரு பாலிகார்பனேட் தடுப்பு வைப்பது, இரண்டும் பெரிய செலவில்லை. சுழலும் ஸ்குரூ பிட்டில் துப்பட்டாவும் பின்னலும் மாட்டும், அதற்கு ரோபோவின் விசைக் கட்டுப்பாடு உதவாது. பிட்டைச் சுற்றி உறை இருக்கிறதா என்று பாருங்கள். எமர்ஜென்சி பட்டன், உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டுகிறதா என்பதையும்.

ஜாப் மட்டும் மாறுகிறது, ரோபோ அதேதான். மதிப்பீட்டைத் திரும்பச் செய்ய வேண்டுமா?

ஆமாம். எடை, விளிம்பு, கிரிப்பர் விரல், வேகம், மேசை என எது மாறினாலும் அந்தப் பகுதியைத் திரும்பப் பார்க்க வேண்டும். முழுத் தாளையும் அல்ல. பல கோபாட்டுகளில் பாதுகாப்பு அமைப்புகளுக்கு ஒரு செக்சம் எண் திரையில் தெரியும். விசை வரம்பை யாராவது ஏற்றிவிட்டால் அந்த எண் மாறிவிடும். மதிப்பீடு முடிந்த அன்று அதைத் தாளில் எழுதி, பென்டன்ட்டின் பின்னால் ஒட்டிவிடுங்கள். ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நொடி ஆகும். எண் வேறாக இருந்தால் ஸ்டார்ட் அழுத்தாமல், பாஸ்வேர்ட் யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.