மனேஜர் சரியில்லை என்று வேலையை விடலாமா? யாழ்ப்பாணத்துத் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள அம்மா,

சென்ற கிழமை நீங்கள் வந்து சொன்னதையும், பிறகு உங்கள் மகன் தம்பி தனியாக வந்து சொன்னதையும் சேர்த்து வைத்து யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். "எப்படியாவது அந்த வேலையிலேயே இருக்கச் சொல்லுங்கோ" என்று நீங்கள் கேட்டீர்கள். "திங்கட்கிழமையிலிருந்து போகாமல் விட்டால் என்ன செய்வினம்?" என்று தம்பி கேட்டார். இரண்டுக்கும் நான் சம்மதம் சொல்லவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

உங்களுடைய பயம் எனக்கு விளங்குகிறது. ஐந்து வருசம் ஆகப்போகிற வேலை. வருகிற வருசம் கலியாணம் பேச நினைக்கிறீர்கள். பெடியன் என்ன செய்கிறார் என்று கேட்டால், ஃபினான்ஸ் கொம்பனியில் இருக்கிறார் என்று சொல்லவாவது ஒரு வேலை வேண்டும். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்த ஊர் இது. அரச வேலை கிடைக்கும்வரை கையில் இருப்பதை விடாதே என்று ஒரு தாய் சொல்வதில் பிழையில்லை. ஆனால் "எல்லா இடத்திலும் மனேஜர்மார் இப்படித்தான், பொறுத்துக்கொண்டு போ" என்றும் அவருக்குச் சொல்லியிருக்கிறீர்கள். எல்லா இடத்திலும் இப்படி இல்லை அம்மா. அந்த ஒரு வசனத்துக்குப் பிறகுதான் தம்பி வீட்டில் வேலை பற்றிக் கதைப்பதையே நிறுத்தியிருக்கிறார். உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியவந்ததும் அதனால்தான். அதை உங்களுக்குச் சொல்லலாம் என்று அவரே சம்மதித்தார்.

முதலில் உங்களுக்குத் தெரிந்ததைப் பார்ப்போம். காலைக் கூட்டத்தில் மனேஜர் பத்துப் பேருக்கு முன்னால் தம்பியை ஏசுகிறார். ஞாயிற்றுக்கிழமை தம்பி நல்லூர்க் கோயில் வீதியில் நிற்கும்போதும் போன் எடுத்து, இன்ன ஆளின் தவணைக் காசு வந்ததா என்று கேட்கிறார். லீவு கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இவை எல்லாம் மனிதரை நோகடிக்கிற விஷயங்கள்தான். ஆனாலும், இவற்றுக்காக மட்டும் என்றால், அடுத்த வேலை கைக்கு வரும்முன் விடவேண்டாம் என்றுதான் நான் சொல்லியிருப்பேன். வேலையில் கறாராக நிற்கிற மேலதிகாரிக்குக் கீழே இரண்டு மூன்று வருசம் நின்றவர்கள் பிறகு நல்ல இடங்களுக்குப் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன். அறிக்கையை மூன்று தரம் திருப்பி அனுப்பியவர்தான் தனக்கு வேலை பழக்கினார் என்று பிற்காலத்தில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். லீவு விஷயம் வேறு. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வருசத்துக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் கெஷுவல் லீவும் உண்டு. அது மனேஜர் மனம் வைத்துத் தருகிற சலுகை இல்லை. தம்பி இனிமேல் லீவை வாயால் கேட்காமல் எழுத்திலோ மின்னஞ்சலிலோ கேட்கட்டும். வாயால் மறுக்கிற பலர் எழுத்தில் மறுக்கமாட்டார்கள்.

இனி உங்களுக்குத் தெரியாத விஷயம். தம்பியின் வேலை, மோட்டார் சைக்கிளில் போய் லீசிங் தவணைக் காசு வாங்கி, பற்றுச்சீட்டு எழுதிக் கொடுப்பது. மாத முடிவில் கிளையின் இலக்குக்குக் காசு குறைந்தால் மனேஜருக்கு மேலிடத்திலிருந்து நெருக்குதல் வருகிறது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது: அடுத்த மாதம் 2ஆம் திகதி வாங்கிய காசுக்கு, முந்தின மாதம் 31ஆம் திகதி போட்டுச் சீட்டு எழுதச் சொல்கிறார். "ஒரு நாள், ரெண்டு நாள்தானே, நீர் எழுதும், நான் பார்க்கிறன்" என்று சொல்லியிருக்கிறார். தம்பி இரண்டு மாதம் அப்படி எழுதியிருக்கிறார். மூன்றாவது மாதம் மறுத்திருக்கிறார். காலைக் கூட்டத்தில் ஏச்சு கூடியது அதற்குப் பிறகுதான்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாகக் கவனிக்கவேண்டும். அந்தச் சீட்டில் மனேஜரின் பெயர் எங்கும் இல்லை. திகதி எழுதியது தம்பியின் கை, கீழே இருப்பதும் தம்பியின் கையொப்பம். நாளைக்குக் கொழும்பிலிருந்து கணக்காய்வுக்கு ஆட்கள் வந்து சீட்டுப் புத்தகத்தைப் புரட்டினால், "மனேஜர் சொல்லித்தான் எழுதினேன்" என்பதைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட அவரிடம் இல்லை. ஏசுகிறவரைச் சகிக்கலாம். தன்னுடைய பிழைக்கு உங்கள் பிள்ளையின் கையொப்பத்தைக் கேட்கிறவரோடு இருக்கமுடியாது. மேலதிகாரி கடினமானவரா, அவரை விட்டு விலகவேண்டுமா என்று குழம்புகிற எல்லோரிடமும் நான் இதைத்தான் முதலில் கேட்பேன்: அவர் சொல்லி நீ செய்கிற வேலைக்கு, பிரச்சினை வந்தால் பதில் சொல்லவேண்டியவர் யார்?

சரி, இப்போது காசுக் கணக்கு. நீங்கள் "இன்னும் மூன்று மாதம் பொறுத்தால் ஐந்து வருசம் முடியும்" என்று சொன்னது சரியான தகவல். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனத்தில் ஐந்து வருசம் முடித்தவர், தானாக விலகினாலும் ஒவ்வொரு வருசத்துக்கும் அரை மாதச் சம்பளம் பெறலாம். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபா என்று வைத்தால், வருசத்துக்கு 30,000. ஐந்து வருசத்துக்கு 1,50,000 ரூபா. நாலு வருசமும் ஒன்பது மாதமும் முடித்துவிட்டு அதை விட்டுப் போவது லேசான காரியம் இல்லை. ஆனால் அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. மோசடி, பணக் கையாடல் போன்ற காரணங்களுக்காக ஒருவர் நிறுத்தப்பட்டால், நிறுவனத்துக்கு ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குப் பணிக்கொடையை இழக்கவேண்டி வரும். எந்தக் காசுக்காகப் பொறுக்கச் சொல்கிறீர்களோ, அந்தக் காசுக்கே இந்தச் சீட்டுகள் ஆபத்து.

ஆகவே என்னுடைய அபிப்பிராயம் இது. இன்றிலிருந்து ஒரு சீட்டிலும் பிழையான திகதி போடக்கூடாது. அதில் பேச்சுக்கே இடமில்லை. மனேஜர் மறுபடி கேட்டால், "சேர், இதை எனக்கு ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கோ" என்று மரியாதையாகச் சொல்லட்டும். போடமாட்டார். இதற்கிடையில், பிராந்திய முகாமையாளருக்கு இடமாற்றம் கேட்டு எழுதவேண்டும். அந்தக் கொம்பனிக்குச் சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் கிளிநொச்சியிலும் கிளைகள் இருக்கின்றன என்று தம்பி சொன்னார். மனேஜர் மாறினாலே போதும் என்றால், வேலையை மாற்றத் தேவையில்லை. இருப்பது அல்லது விடுவது என்ற இரண்டை மட்டும் வைத்து இரவெல்லாம் யோசிக்கிற பலருக்கு இந்த மூன்றாவது வழி ஞாபகத்துக்கு வருவதேயில்லை. அந்தக் கடிதத்திலேயே பழைய இரண்டு மாத விஷயத்தையும் எழுதுவதா என்பதை, எழுதமுன் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டு முடிவெடுப்போம். நான் சட்டத்தரணி இல்லை, அதில் நான் சொல்வது போதாது.

இடமாற்றம் கிடைத்தால் போய் ஐந்து வருசத்தை முடிக்கட்டும். கிடைக்காமல், சீட்டு விஷயத்தில் நெருக்குதலும் தொடர்ந்தால், மூன்று மாதத்தைப் பார்க்காமல் விலகவேண்டும். ஒன்றரை லட்சம் பெரிய காசுதான். தம்பியின் பெயர் அதைவிடப் பெரிது.

விலகும் விதம் பற்றித் தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். சொல்லாமல் கொள்ளாமல் நிற்பது மட்டும் கூடாது. அப்படி நின்றால், தானாகப் பதவியை விட்டுப் போனவர் என்று எழுதிவிடுவார்கள். சேவைச் சான்றிதழ் கேட்டுப் போகவும் முகம் இருக்காது. நியமனக் கடிதத்தில் எத்தனை நாள் முன்னறிவித்தல் என்று இருக்கிறதோ, அத்தனை நாள் கொடுத்து விலகல் கடிதம் எழுதவேண்டும். கடிதத்தில் மனேஜரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்; நான்கு வரி போதும். பிரதியில் பெற்றுக்கொண்டதாகத் திகதியுடன் கையொப்பம் வாங்கவேண்டும். கையில் உள்ள சீட்டுப் புத்தகங்களை இலக்க வரிசையோடு பட்டியல் போட்டு ஒப்படைத்து, அதற்கும் ஒரு கையொப்பம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காசோடு வேலை செய்தவர் இப்படித்தான் விலகவேண்டும்.

இன்னொன்றும் நடக்கலாம். "நீரே விலகல் கடிதம் எழுதித் தாரும், இல்லாவிட்டால் நிப்பாட்டிவிடுவம்" என்று அவர்கள் முந்திக்கொள்ளலாம். பயத்தில் அந்த இடத்தில் இருந்து எழுதிக் கொடுக்கக்கூடாது. வேலையால் நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம். தானே விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த வழக்கு மிகவும் கடினமாகிவிடும். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போய்க் கேட்கட்டும்.

ஊழியர் சேமலாப நிதியை நம்பிக் கணக்குப் போடவேண்டாம். சம்பளத்தில் அவருடைய 8 வீதமும் கொம்பனியின் 12 வீதமும் அவர் பெயரில்தான் இருக்கும். ஆனால் வேலை மாறியதற்காக அதை எடுக்கமுடியாது. பொதுவாக ஆண்களுக்கு 55 வயதில்தான். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் கொம்பனி போட்ட 3 வீதத்தை, கடந்த ஐந்து வருசத்துக்குள் எடுத்திருக்காவிட்டால், விலகிய பிறகு கேட்கலாம். மோட்டார் சைக்கிளுக்கு ஊழியர் கடன் எடுத்ததாகச் சொன்னார். விலகினால் மிச்சத்தை ஒரேயடியாகக் கட்டவேண்டுமா, வட்டி கூடுமா, பிணை நின்ற நண்பரிடம் போவார்களா என்பதெல்லாம் அந்த ஒப்பந்தத்தில் இருக்கும். அதை வாசிக்காமல் விலகல் கடிதம் எழுதக்கூடாது. மூன்று மாத வீட்டுச் செலவுக்குக் காசு கையில் இருக்கவேண்டும் என்பது நான் எல்லோருக்கும் சொல்வது.

யாழ்ப்பாணம் சின்ன ஊர். ஸ்ரான்லி வீதியில் ஒரு கிளையில் இருப்பவர் ஆஸ்பத்திரி வீதியில் இருப்பவரோடு ஒன்றாகப் படித்திருப்பார். அடுத்த நேர்முகத்தில் "அங்கே ஏன் விட்டனீர்?" என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கே பழைய மனேஜரைக் குறை சொல்லத் தொடங்கினால், நாளைக்கு எங்களையும் இப்படித்தான் சொல்லுவார் என்று நினைப்பார்கள். "ஐந்து வருசம் அறவீட்டில் நின்றேன், இனிக் கடன் மதிப்பீட்டுப் பக்கம் பழக விருப்பம்" என்று சொல்லட்டும். அது பொய்யும் இல்லை. என்னிடம் அதைத்தான் கண் விரியச் சொன்னார்.

இந்த இடத்தில் பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மேலதிகாரி தொடுகிறார், அசிங்கமாகக் கதைக்கிறார், இரவில் மெசேஜ் போடுகிறார் என்று மகள் சொன்னால், அதைக் "கடினமான மனேஜர்" கணக்கில் சேர்க்காதீர்கள். 1995இலிருந்து தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் அது ஐந்து வருசம்வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம். மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அந்த வேலையில் இருக்கச் சொல்லி மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

வெளிநாடு போகிறேன் என்று தம்பி இடையில் ஒருதரம் சொன்னார். மனேஜரின் கோபத்தில் எடுக்கிற முடிவு அது. இந்த விஷயம் தீர்ந்த பிறகும் அந்த எண்ணம் இருந்தால் அதைத் தனியாகக் கதைப்போம். அதுவரை எந்த ஏஜென்சிக்கும் காசு கட்டவேண்டாம்.

கலியாணம் பேசுகிறவர்களுக்கு இப்போதைக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்கிறது: அவர் வேலையில்தான் இருக்கிறார். மூன்று மாதம் கழித்து வேறு இடத்தில் இருந்தால், அப்போது அந்த இடத்தைச் சொல்லலாம். இன்றிரவு தம்பியிடம் "சீட்டு விஷயம் எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் கேள்வி வேண்டாம், அவரே கதைப்பார்.

வியாழக்கிழமை பின்னேரம் இருவரும் வாருங்கள். நியமனக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடன் ஒப்பந்தம் மூன்றையும் கொண்டுவரவேண்டும். இடமாற்றக் கடிதத்தை அங்கேயே இருந்து எழுதுவோம்.